மக்கட்பேறு யார் முடிவு?

மணப்பந்தலில் மஞ்சளரிசி தூவும் மூத்தோர், "பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க" என்று வாழ்த்துவது நம் வழக்கம். பதினாறு என்பது பிள்ளைகளின் எண்ணிக்கை எனப் பொருள் கொண்டு நகைப்பவர் உளர். அப்பொருள் பொருந்தாது. கல்வி, புகழ், வலிமை, வெற்றி, பொன், நெல், நோயின்மை என்று முன்னோர் எண்ணிய பதினாறு பேறுகளுள் நன்மக்களும் ஒரு பேறு; அவ்வளவே. ஆயினும் அவ்வாழ்த்தினுள் நாம் கருதத்தக்க சொல் ஒன்று உண்டு. 'பெற்று' என்பதே அச்சொல்.

குழந்தையை நம் மொழி 'பேறு' என்றது. திருக்குறளின் ஏழாம் அதிகாரத்துக்குப் பரிமேலழகர் கொண்ட தலைப்பு 'புதல்வரைப் பெறுதல்'. 'மக்கட்பேறு' என்பது அதற்கு வழங்கும் மற்றொரு தலைப்பு. இரண்டிலும் வினை ஒன்றே. தாய் தந்தையரைக் குறிக்கும் 'பெற்றோர்' என்னும் சொல்லும் அவ்வினையடியாகப் பிறந்ததே. பெறுதலாவது வருவதை ஏற்றல். மழையைப் பெற்றனர், விளைவைப் பெற்றனர், அவ்வாறே மக்களையும் பெற்றனர். 'இத்தனை போதும்', 'இப்பொழுது வேண்டாம்', 'வேண்டவே வேண்டாம்' என்று கணவனும் மனைவியும் அமர்ந்து பேசி முடிவு செய்யும் செயலைக் குறிக்க நம் பழைய வழக்கில் எளிதில் ஒரு சொல் அகப்படுவதில்லை.

இன்றோ அப்பேச்சு நிகழாத இல்லம் அரிது. பெறுதலாக இருந்தது தீர்மானித்தலாக மாறியது எப்படி? அத்தீர்மானத்தைச் செய்தவர் யார்? இல்லத்தாரா, ஊராரா, அரசாங்கமா? சிங்கப்பூரின் வரலாற்றில் இக்கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. ஒரு மனிதரின் வாழ்நாள் அளவே ஆன காலத்துக்குள் 'பெறாதே' என்ற குரலையும் 'பெறு' என்ற குரலையும் ஒரே அரசாங்கத்தின் வாயிலாகக் கேட்ட மக்கள் இந்நாட்டினர். அவர்கள் கேட்டதையும் செய்ததையும் ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

தீர்மானம் வேண்டாதிருந்த காலம்

முன்னோர் பல பிள்ளைகளைப் பெற்றது அறியாமையால் என்று கூறுவது பிழை. அவர்களுடைய வாழ்க்கைக் கணக்கு வேறு. பிறந்த குழந்தைகளுள் எத்தனை பிழைக்கும் என்பது எவருக்கும் தெரியாது. முதுமையில் சோறிடுவதற்கு மகனை அன்றி வேறு காப்பு இல்லை. வயலிலும் தோட்டத்திலும் சிறுவரின் கைகளுக்கும் வேலை இருந்தது. இந்த மூன்றும் உள்ள இடத்தில் குழந்தை செலவன்று, வரவு.

மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். ஓரளவு வளர்ந்த பிள்ளை, புல் பிடுங்கியும் பால் வாளி சுமந்தும் பெற்றோருக்கு உதவியாகும். 1923-ஆம் ஆண்டின் தொழிற்சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. ஆயினும் கூலி தரும் கையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோருக்கு இழப்பாகவே தோன்றியது. பழைய தோட்டப்பள்ளி ஆசிரியர்கள் லயம் லயமாகச் சென்று பிள்ளைகளைத் திரட்டவேண்டி இருந்தது இதனால்தான்.

சிங்கப்பூர்த் தமிழரின் நிலை மற்றொரு வகையில் வேறுபட்டது. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கிருந்த இந்தியருள் ஏறத்தாழ ஐந்து ஆண்களுக்கு ஒரு பெண்ணே இருந்தனர். துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் உழைத்தவர் பலருக்கு மனைவி மக்கள் ஊரில். தாம் மட்டும் இங்கே. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறிச் சென்று திரும்புவோர் இல்லத்தில், மகவு பிறக்கும் காலத்தைத் தீர்மானித்தது கப்பலும் விடுமுறையுமே. குடும்பம் இங்கு வந்து வேரூன்றிய பின்னரே, நாம் பேசும் கேள்வி நம்மவர் இல்லங்களில் எழுந்தது.

கேள்வியை எழுப்பியோர்

இக்கேள்வியை உலகறிய எழுப்பியவருள் ஒருவர் தமிழ்நாட்டுக்கு அறிமுகமானவரே. அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அன்னி பெசன்ட் அம்மையார், தம் இளமையில் இலண்டனில் இதற்காக வழக்குமன்றம் ஏறினார். கருத்தடை பற்றி அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதிய சிறுநூலை, சார்லஸ் பிராட்லா என்பாரோடு சேர்ந்து மறுபடி வெளியிட்டதற்காக 1877-ஆம் ஆண்டு அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. தண்டனை மேல்முறையீட்டில் நீங்கியது. ஆனால், இத்தகைய நூலை வெளியிட்ட தாயிடம் மகள் வளர்வது தகாது எனக் கருதி, மறு ஆண்டு அவருடைய மகளை நீதிமன்றம் அவரிடமிருந்து பிரித்துத் தந்தையிடம் ஒப்படைத்தது. மக்கட்பேறு தாய் தந்தையரின் முடிவாகலாம் என்று கூறியதற்குத் தாய் ஒருத்தி கொடுத்த விலை அது. பின்னாளில் பிரம்மஞான சபையில் சேர்ந்தபொழுது அம்மையார் தம் கருத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் வரலாறு.

வழக்கு ஊரெங்கும் பேசப்பட்டது. தடுக்க எண்ணிய நூல் முன்னிலும் பன்மடங்கு விற்றது. அவ்வாண்டுகளை ஒட்டியே இங்கிலாந்தில் பிறப்பு விகிதம் இறங்கத் தொடங்கிற்று. நூல் ஒன்றினால் மட்டும் அது நிகழ்ந்ததென்று கூறுதல் மிகை. பிள்ளைகள் ஆலைக்குச் செல்வது குறைந்து பள்ளிக்குச் செல்வது பெருகிய காலமும் அதுவே.

தமிழில் இக்கேள்வியை வெளிப்படையாக எழுப்பியவர் பெரியார் ஈ. வெ. இராமசாமி. 1930-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் 'குடி அரசு' ஏட்டில் கர்ப்பத்தடை பற்றி எழுதினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் அவருடைய நூலில் அப்பொருள் தனிக் கட்டுரையாக உள்ளது. அதே 1930-இல் மைசூர் அரசாங்கம் மருத்துவமனைகளில் கருத்தடை நிலையங்களைத் திறந்தது. அரசாங்கமே இத்தகைய நிலையங்களை நடத்தத் தொடங்கிய முன்னோடி முயற்சிகளுள் அஃது ஒன்று. எனினும் பெரியாரின் வாதம் பிறருடைய வாதத்தினின்றும் வேறுபட்டது. நாட்டின் வறுமை தீரும் என்றும், தாயின் உடல்நலம் காக்கப்படும் என்றும், குடும்பச் சொத்து சிதறாது என்றும் பிறர் கூறினர். பெரியாரோ, பெண் விடுதலை பெறுவதற்கே அது வேண்டும் என்றார்; பிள்ளை பெறுவதும் பெறாதிருப்பதும் பெண்ணின் விருப்பமாக வேண்டும் என்பது அவர் துணிபு.

இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். நாட்டின் நன்மைக்காகப் பிள்ளையைக் குறை என்பவர், நாட்டின் நன்மை மாறும்பொழுது பிள்ளையைப் பெருக்கு என்றும் கூறுவர். பெண்ணின் உரிமை என்பவர்க்கு அவ்வாறு மாற்றிக் கூற இடமில்லை. சிங்கப்பூரில் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இஃது உதவும்.

சோற்றுக் கூடத்தில் பிறந்த சங்கம்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சிங்கப்பூரில் பசித்த குழந்தைகளுக்கு உணவளிக்கும் நிலையங்கள் பல திறக்கப்பட்டன. அவற்றுள் தொண்டாற்றிய மாதருள் ஒருவர் கான்ஸ்டன்ஸ் கோ அம்மையார். வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குப் பின்னால், மேலும் ஒரு குழந்தையை வயிற்றிலும் ஒன்றை இடுப்பிலும் தாங்கி நின்ற தாய்மாரை அவர் கண்டார். சோறு கொடுப்பதோடு பணி முடியவில்லை என்று உணர்ந்த அவரும் அவர்தம் தோழியரும் மருத்துவர்களும் சேர்ந்து 1949-ஆம் ஆண்டு சிங்கப்பூர்க் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கத்தை நிறுவினர்.

சமயத் தலைவர் சிலர், குறிப்பாகக் கத்தோலிக்கத் திருச்சபையினர், இதனை எதிர்த்தனர். எனினும் நிலையங்களுக்கு மாதர் வந்தனர். 1952-இல் பம்பாயில் கூடிய மாநாட்டில் பன்னாட்டுக் குடும்பத் திட்டக் கூட்டவை பிறந்தபொழுது, அதனைத் தோற்றுவித்த எட்டு நாட்டுச் சங்கங்களுள் சிங்கப்பூர்ச் சங்கமும் ஒன்றாயிற்று. அம்மாநாட்டை முன்நின்று நடத்திய தன்வந்தி ராமராவ் அம்மையார், முன்னர்ச் சென்னை இராணி மேரிக் கல்லூரியில் ஆசிரியப் பணி புரிந்தவர் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இச்சங்கத்தின் பதினாறு ஆண்டுப் பணியில் கட்டாயம் எதுவும் இல்லை, பரிசும் இல்லை, தண்டமும் இல்லை. விரும்பி வந்தவர்க்கு வழி கூறினர். ஆயினும் அவ்வாண்டுகளில் நாட்டின் நிலை மாறிற்று. 1957-இல் ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி ஆறுக்கு மேல் இருந்தது. 1965-க்குள் அது ஐந்துக்குக் கீழ் இறங்கிவிட்டது. ஆயிரம் மக்களுக்கு ஆண்டுதோறும் 40-க்கு மேற்பட்ட பிறப்புகள் இருந்த நிலை மாறி 30-க்குச் சற்றுக் குறைவாயிற்று.

சங்கம் காட்டிய வழியில் இத்தனை பேர் நடக்க விரும்பியது ஏன் என்பதற்குக் காரணங்கள் உள. 1947-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 80-க்கு மேற்பட்டவை ஓராண்டு நிறைவதற்குள் மடிந்தன. 1965-இல் அத்தொகை 30-க்கும் குறைந்தது. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த வீட்டில், இழப்புக்கு ஈடாக மேலும் பெறவேண்டிய அச்சம் நீங்கியது. 1955-இல் தொடங்கிய மத்திய சேமநிதி, முதுமைக்கு மகனைத் தவிர வேறொரு துணையைக் காட்டியது. பெண்பிள்ளைகள் பள்ளியில் நீடித்தமையால் திருமண வயது உயர்ந்தது. 1961-இல் இயற்றப்பட்ட மாதர் சாசனம் ஒருவனுக்கு ஒருத்தி என்பதைச் சட்டமாக்கி, இல்லத்தில் மனைவியின் குரலுக்கு ஓரளவு வலிமை தந்தது. அரசாங்கம் இல்லத்தின் கதவைத் தட்டுமுன்பே, இல்லத்தார் தம் கணக்கைத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

'இரண்டே போதும்'

1965-இல் தனிநாடான சிங்கப்பூருக்கு நிலம் சிறிது, வேலை அரிது, பள்ளிகளோ காலை மாலை என இரு வேளை நடந்தன. 1966 ஜனவரியில் சிங்கப்பூர்க் குடும்பத் திட்ட, மக்கள்தொகை வாரியம் அமைந்தது. அவ்வாண்டில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை ஒன்றில் மட்டும் 40,000-க்குச் சற்றுக் குறைவான குழந்தைகள் பிறந்தன. உலகில் ஓராண்டில் மிகுதியான குழந்தைகள் பிறந்த மருத்துவமனை என்று கின்னஸ் சாதனை நூலில் அதன் பெயர் ஏறியது. கே.கே. ஆஸ்பத்திரியில் பிறந்தவர் இல்லாத தமிழ்க் குடும்பம் அந்நாளில் அரிது எனலாம்.

பிள்ளை பெற்ற தாய் படுக்கையில் இருக்கும்பொழுதே வாரியத்தின் பணியாளர் அருகில் வந்து பேசுவர். மாத்திரை தரப்பட்டது, கருத்தடைச் சாதனங்கள் தரப்பட்டன. 1970-இல் கருக்கலைப்புக்கும் விருப்பக் கருத்தடை அறுவைக்கும் சட்டம் இடம் தந்தது. 1972-இல் 'பெண்ணாயினும் ஆணாயினும் இரண்டே போதும்' என்னும் இயக்கம் தொடங்கியது. சிறுமியர் இருவர் ஒரு குடையின் கீழ் நிற்கும் சுவரொட்டியை அந்நாளைய மக்கள் மறந்திரார். மகனுக்காகக் காத்து மகள்களைப் பெற்றுக்கொண்டே போகும் வழக்கத்தை அந்தச் சுவரொட்டி நேராகச் சுட்டிற்று. நம்மவர் பலருக்கும் அது தைத்திருக்கும்.

அறிவுரையோடு நின்றிருந்தால் வரலாறு வேறாக இருந்திருக்கும். 1973-இல் தண்டங்களும் நடப்புக்கு வந்தன. குழந்தையின் வரிசை எண் உயர உயர மகப்பேற்றுக் கட்டணம் உயர்ந்தது. ஊதியத்தோடு கூடிய மகப்பேற்று விடுப்பு முதல் இரண்டு பேறுகளோடு நின்றது. வருமான வரிச் சலுகை முதல் மூன்று பிள்ளைகளோடு முடிந்தது. அரசாங்க அடுக்குமாடி வீடு பெறுவதில் பெரிய குடும்பத்துக்கு இருந்த முன்னுரிமை நீங்கியது.

ஆசிரியப் பெருமக்கள் கருதவேண்டிய விதி ஒன்றும் அவற்றுள் இருந்தது. தொடக்கப்பள்ளியில் இடம் வழங்கும்பொழுது, பிள்ளைகள் மிகுந்த குடும்பத்தில் பின்பிறந்த குழந்தைக்கு முன்னுரிமை குறைக்கப்பட்டது. இரு பிள்ளைகளோடு கருத்தடை அறுவை செய்துகொண்ட பெற்றோரின் பிள்ளைக்கு முன்னுரிமை வழங்கப்பட்டது. பிறக்க வேண்டும் என்று எந்தக் குழந்தையும் விண்ணப்பம் செய்ததில்லை. பெற்றோரின் முடிவுக்குப் பிள்ளையின் பள்ளி விலையாகலாமா? தன் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன் தாய்க்கு எத்தனையாவது பிள்ளை என்று கேட்டு எந்த ஆசிரியரும் பாடம் சொல்வதில்லை. அந்த எளிய அறம் அவ்விதியை வகுத்தோர்க்குத் தோன்றாமற் போனது வியப்பே.

விளைவு என்ன? 1975-ஆம் ஆண்டிலேயே ஒரு பெண்ணுக்குரிய சராசரி, மக்கள்தொகை குறையாதிருக்க வேண்டிய அளவாகிய இரண்டைச் சற்றே தாண்டிய எண்ணைத் தொட்டது. வாரியத்துக்கு அது வெற்றி. ஆனால் அங்கே அது நிற்கவில்லை. இரண்டோடு நிறுத்து என்றனர். மக்கள் இரண்டுக்கும் கீழே சென்றனர். 1957-இல் பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே ஊதியம் பெறும் தொழிலுக்குச் சென்றிருக்க, 1980-இல் நூற்றுக்கு 44 பேர் சென்றனர். ஜூரோங்கிலும் தோ பாயோவிலும் தொழிற்சாலைகள் திறந்திருந்தன. கம்போங் வீட்டில் பாட்டியும் அத்தையும் அயலாரும் பகிர்ந்து பார்த்த குழந்தையை, அடுக்குமாடி வீட்டின் மூடிய கதவுக்குள் ஒருத்தியே பார்க்க வேண்டியதாயிற்று. அவளும் வேலைக்குச் செல்பவள். அரசாங்கத்தின் கணக்கு இரண்டில் முடிந்தது. அவள் கணக்கு முடியவில்லை.

1983: இரு செய்திகள்

1983-ஆம் ஆண்டில் இப்பொருள் பற்றிய இரு செய்திகள் சிங்கப்பூரில் ஒருசேர நிகழ்ந்தன. அவ்வாண்டில், இலங்கைத் தமிழரான பேராசிரியர் சண் இரத்தினம் தலைமையிலான மருத்துவக் குழுவின் முயற்சியால், ஆசியாவின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை என அந்நாளில் போற்றப்பட்ட மகவு சிங்கப்பூரில் பிறந்தது. பிள்ளையில்லாப் பழியைப் பெண் ஒருத்தியே சுமந்து அரசமரம் சுற்றிய காலத்தை எண்ணுவோர்க்கு இதன் அருமை புரியும். பெற விரும்பியும் பெற இயலாதவர் உண்டு என்பதையும், குறை கணவனிடத்தும் இருக்கலாம் என்பதையும் ஊர் ஒப்புக்கொள்ள மருத்துவம் துணை செய்தது.

அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தேசிய தினப் பேரணியில் பிரதமர் லீ குவான் யூ, கல்வி மிக்க பெண்கள் மணம் புரியாதும் குறைவாகப் பெற்றும் இருப்பதைக் குறித்துக் கவலை தெரிவித்தார். 1984-இல் இருவகைத் திட்டங்கள் வந்தன. பட்டதாரித் தாய்மார் மூன்றாவது பிள்ளையைப் பெற்றால் பள்ளியில் முன்னுரிமை என்றது ஒன்று. கல்வியும் வருமானமும் குறைந்த, முப்பது வயதுக்குட்பட்ட தாய்மார் இரண்டோடு நிறுத்தி அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றது மற்றொன்று. யார் பெறலாம், யார் பெறலாகாது என்பதைப் பள்ளிச் சான்றிதழைக் கொண்டு பிரித்த இத்திட்டம் நாட்டில் கடுஞ்சினத்தை மூட்டியது. சலுகை பெறக்கூடிய பட்டதாரிப் பெண்களிலும் பலர் அதனை இழிவாகக் கருதினர். 1984 டிசம்பர்ப் பொதுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு, முந்தைய தேர்தலைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பதின்மூன்று குறைந்தது. அதற்கு இதுவும் ஒரு காரணம் எனப் பலரும் கருதினர். பட்டதாரித் தாய்மார் திட்டம் 1985-இல் கைவிடப்பட்டது.

அதே 1984-இல் ஜொகூர்ப் பாலத்துக்கு அப்பால் வேறொரு குரல் கேட்டது. 1966 முதல் குடும்பக் கட்டுப்பாட்டை வளர்த்த மலேசிய அரசாங்கம், 2100-ஆம் ஆண்டளவில் மக்கள்தொகை ஏழு கோடியாக வேண்டும் என்னும் குறிக்கோளை அறிவித்தது. பாலத்துக்கு வடக்கே வாழ்ந்த தமிழ்த் தம்பதியரைப் 'பெருகுக' என்ற குரல் அழைத்தது. தெற்கே வாழ்ந்த, படிப்புக் குறைந்த தம்பதியருக்கு 'நிறுத்துக' என்ற குரலும் பத்தாயிரம் வெள்ளியும் காட்டப்பட்டன. இருவரும் உறவினராகவும் இருந்திருக்கலாம். அவர்களின் இல்லறத்தில் மாறியது எதுவுமில்லை. இடையே ஓடியது ஒரு நீரிணையே.

திரும்பிய சக்கரம்

1986-இல் சராசரி 1.43 ஆக இறங்கியது. அவ்வாண்டு குடும்பத் திட்ட வாரியம் கலைக்கப்பட்டது. 1987 மார்ச்சில் முதல் துணைப் பிரதமர் கோ சோக் டோங், வசதியுள்ளவர் மூன்றோ அதற்கு மேலோ பெறலாம் என்னும் புதிய கொள்கையை அறிவித்தார். முன்னர்த் தண்டிக்கப்பட்ட மூன்றாம் பிள்ளைக்கு இப்பொழுது வரிக்கழிவு கிடைத்தது. அறுவைக்கு வழி காட்டிய நாட்டில், அறுவைக்கு முன் ஆலோசனை கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு வந்தது.

இம்மாற்றத்தின் சுமையைத் தாங்கியவர் யாவர்? 1975-இல் இருபத்தைந்து வயதில் இரண்டாம் பிள்ளையைப் பெற்று, பள்ளி இடத்துக்காகவும் கட்டணச் சலுகைக்காகவும் அறுவை செய்துகொண்ட ஒரு தாயை எண்ணுவோம். 1987-இல் அவளுக்கு வயது முப்பத்தேழு. 'மூன்றாவது நலம்' என்று நாடு கூறியபொழுது அவளால் திரும்ப முடியாது. கொள்கை பன்னிரண்டு ஆண்டில் திரும்பலாம்; உடல் திரும்பாது. நாட்டின் தேவையைக் காட்டி இல்லத்தின் முடிவை வாங்கும்பொழுது நிகழக்கூடிய தீங்கு இதுவே. முன்னர்க் கூறிய பெரியாரின் வேறுபாட்டை இங்கு மீண்டும் நினைக்கலாம்.

புதிய குரலுக்குச் செவி சாய்த்தவர் உண்டு. சீனர் நற்பேறுடையதெனக் கருதும் கடல்நாக ஆண்டான 1988-இல் சராசரி 1.96 வரை எழுந்தது. பின்னர் மறுபடியும் இறங்கிற்று. 2001-இல் இரண்டாம், மூன்றாம் பிள்ளைகளுக்கு ரொக்கம் வழங்கும் குழந்தைப் போனஸ் திட்டம் வந்தது. 2004-இல் அது முதற் பிள்ளைக்கும் நான்காம் பிள்ளைக்கும் விரிந்தது. மகப்பேற்று விடுப்பு நீண்டது; தந்தையர்க்கும் விடுப்பு வந்தது. ஆயினும் 2010-இல் 1.15 ஆக இருந்த சராசரி, 2023-இல் முதன்முறையாக ஒன்றுக்கும் கீழாக 0.97 ஆயிற்று. 'பெறாதே' என்ற காலத்தில் மக்கள் கேட்டனர் என்றும், 'பெறு' என்ற காலத்தில் கேட்கவில்லை என்றும் மேலோட்டமாகக் கூறுவர். உண்மையில் இரு காலத்திலும் அவர்கள் கேட்டது தம் கணக்கையே. முதற்காலத்தில் அரசாங்கத்தின் சொல் அக்கணக்கோடு ஒத்துச் சென்றது, ஆதலின் வென்றது. பிற்காலத்தில் ஒத்துச் செல்லவில்லை, ஆதலின் தோற்றது.

அக்கணக்கில் பணம் ஒரு பகுதி மட்டுமே. வீட்டின் விலையும் பள்ளித் தேர்வின் நெருக்கடியும் அதில் உள்ளன. முதிய பெற்றோரைப் பேணும் கடமையும் உண்டு. தாய் விட்டுச் செல்லும் பணியில் மீண்டும் அதே இடம் கிடைக்குமா என்ற ஐயமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை பிறந்தபின் இரவில் எழுபவர் யார் என்ற கேள்வியும் உண்டு. இவற்றுள் பலவற்றைக் காசோலையால் தீர்க்க இயலாது.

தமிழுக்காகப் பெறலாமா?

இறுதியாக நம்மவரிடையே அவ்வப்போது எழும் பேச்சொன்றைக் கருதுவோம். 'பிள்ளைகள் குறைந்தால் தமிழ் வகுப்புகள் என்னாகும்? இனத்துக்காகவேனும் மணமக்கள் பெற வேண்டாமா?' என்று சிலர் கேட்கின்றனர். மலேசியாவில் 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் பலவற்றில் மாணவர் தொகை 150-க்கும் குறைவு என்பது உண்மை. இக்கவலை மெய்யானது. ஆனால் அதற்குக் கூறும் மருந்து சரியானதா என்பதை வரலாற்றைக் கொண்டு நோக்க வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளிகள் மாணவரை இழந்தது எப்பொழுது? தமிழ் இல்லங்களில் நாலும் ஐந்துமாகப் பிள்ளைகள் நிறைந்திருந்த 1950, 1960-களில் தொடங்கி! உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டபொழுது தமிழ்ப்பிள்ளைகள் பிறக்காமல் இருக்கவில்லை. பிறந்தனர்; பெற்றோர் அவர்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பினர். மலேசியத் தோட்டப்பள்ளிகள் பல நலிந்ததற்கும் தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்குப் பெயர்ந்தமை பெருங்காரணம். தொட்டில்கள் நிறைந்திருந்த காலத்திலேயே பள்ளிகள் காலியாயின என்பது நாம் மறக்கலாகாத பாடம். பிள்ளைகளின் தொகை மொழியைக் காக்கவில்லை. பிறந்த பிள்ளையிடம் வீட்டில் எம்மொழி பேசப்பட்டது, அதன் கையில் எந்நூல் கொடுக்கப்பட்டது என்பவையே மொழியின் நிலையைத் தீர்மானித்தன.

ஆகவே, மணமாகி ஈராண்டு கடந்த தம்பதியரைக் கண்டவுடன் 'விசேஷம் உண்டா?' என்று கேட்கும் வழக்கத்தை நாம் விடலாம். அவர்கள் விரும்பியும் பெற இயலாது வருந்துபவராக இருக்கலாம்; பேசி முடிவு செய்து வேண்டாம் என்றவராகவும் இருக்கலாம். முன்னவர்க்கு அக்கேள்வி புண். பின்னவர்க்கு அது நம் எல்லை கடந்த தலையீடு. ஓர் அரசாங்கம் சுவரொட்டியும் தண்டமும் பரிசும் கொண்டு அறுபது ஆண்டாக முயன்றும் அந்த முடிவைத் தன் வசமாக்க முடியவில்லை. கலியாண வீட்டுத் திண்ணையிலிருந்து நாம் அதனைச் செய்துவிட முடியுமா?

பெறுதல் தீர்மானித்தலாகிவிட்டது, இனி அது திரும்பாது. தீர்மானித்துப் பெறப்பட்ட பிள்ளைக்கு ஒரு சிறப்பு உண்டு. அது வேண்டப்பட்டு வந்த பிள்ளை. அத்தகைய பிள்ளை ஒன்றே ஆயினும் அதனை வரவேற்க வீட்டில் தமிழும், வகுப்பில் நல்லாசிரியரும், வேலையிடத்தில் தாய் தந்தையர்க்கு ஓய்வும் ஆயத்தமாக இருக்குமாறு செய்வது ஊரின் கடமை. எத்தனை என்னும் முடிவை இருவரிடம் விட்டுவிடுவோம். பதினாறு பேறுகளுள் மக்கட்பேறு ஒன்று. அறிவும் அவற்றுள் ஒன்று அன்றோ?